சைக்கிள் மிதிக்கிறது ஒருத்தர், கணக்கு வெச்சிக்கிறது இன்னொருத்தர்

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம், கெய்ன்ஸ்வில் என்கிற ஊர். அங்கே ஒரு ரெஸ்டாரண்டில் வேலை பார்த்த முப்பது வயது ஆசாமிக்கு 2020 ஜனவரியில் கூகுளிடமிருந்து ஒரு மெயில் வந்தது. லாட்டரி விழுந்ததாகச் சொல்லும் மெயில் இல்லை, நிஜமான கூகுள். அவருடைய கணக்கு விவரங்களை உள்ளூர் போலீஸ் கேட்டிருக்கிறது, ஏழு நாளுக்குள் கோர்ட்டுக்குப் போய்த் தடுக்காவிட்டால் கொடுத்துவிடுவோம் என்பது சாரம்.

மனுஷன் ஆடிப்போய்விட்டார். என்ன கேஸ், என்ன குற்றம், ஒன்றும் தெரியாது. மெயிலில் இருந்த கேஸ் நம்பரை வைத்துத் தேடினால் விஷயம் வெளியே வந்தது. 2019 மார்ச்சில் அவர் வீட்டிலிருந்து ஒரு மைல் கூட இல்லாத தூரத்தில் 97 வயதுப் பாட்டி ஒருவர் வீட்டில் திருட்டு. போலீஸிடம் துப்பு இல்லை. அதனால் 'அந்த நேரத்தில் அந்த வீட்டைச் சுற்றி இருந்த போன்களின் விவரமெல்லாம் கொடு' என்று கூகுளுக்கு ஒரு வாரண்ட். இதற்கு ஜியோஃபென்ஸ் வாரண்ட் என்று பெயர். அதாவது சந்தேகப்படும் ஆளைத் தேடுவதில்லை. முதலில் வலையைப் போட்டு, சிக்கியதெல்லாம் என்ன மீன் என்று பிறகு பார்ப்பது.

அதில் இவர் சிக்கினார். எப்படி? இவர் தினமும் பேட்டையைச் சுற்றி சைக்கிள் ஓட்டுகிறவர். எத்தனை மைல் ஓட்டினோம் என்று பார்க்க ரன்கீப்பர் என்கிற ஆப்பைப் போட்டு வைத்திருந்தார். போனின் இடக்குறிப்பு கூகுளுக்கும் போய்க்கொண்டிருந்தது. திருட்டு நடந்த அன்றைக்கும் வழக்கமான ரவுண்டு. பாட்டி வீட்டு வாசலை ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை கடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருந்தால் "பையன் எக்சர்சைஸ் பண்றான்" என்பார். போலீஸ் அதே கோட்டை மேப்பில் பார்த்தால் "நோட்டம் விட்டிருக்கான்". கோடு ஒன்றுதான்!

கடைசியில் வக்கீல் வைத்துப் போராடி வாரண்ட் வாபஸ் ஆனது. அதற்குப் பெற்றோரின் சேமிப்பிலிருந்து பல ஆயிரம் டாலர் போனது. பெற்றோரிடம் சேமிப்பு இல்லாத ஒருவர் அந்த சைக்கிளில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

இந்தக் கதையில் வில்லன் யார் என்று கேட்டால் பாதிப் பேர் போலீஸ் என்பார்கள், மீதிப் பேர் கூகுள் என்பார்கள். இரண்டுமே பாதி பதில்தான். அந்த மூன்று ரவுண்டையும் சக்கரத்தில் மாட்டிய ஒரு சின்ன மீட்டர் எண்ணியிருந்தால் மெயிலும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆக, எண்ணினது தப்பில்லை. எண்ணினதை எடுத்துக்கொண்டு போய் ஊரான் வீட்டில் வைத்ததுதான் தப்பு. சைக்கிள் ஆப்கள் விஷயத்தில் எல்லோரும் குழப்பிக்கொள்வது இந்த இரண்டையும்தான்.

அளக்கிற ஆசை இன்றைக்கு வந்ததில்லை. 1895லேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் கர்டிஸ் வீடர் என்பவர் சைக்கிளுக்கு ஒரு மைல் மீட்டர் கண்டுபிடித்தார். முன்சக்கரத்துக் கம்பியில் ஒரு சின்ன முளை. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் அந்த முளை மீட்டரின் பல் ஒன்றைத் தட்டிவிடும். அவ்வளவுதான். பாட்டரி கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. அந்தக் காலத்தில் அது சக்கைப்போடு போட்டிருக்கிறது. பிறகு காந்தம் வந்தது. கம்பியில் ஒரு காந்தத் துண்டு, ஃபோர்க்கில் ஒரு சென்சார், ஹாண்டில்பாரில் வாட்ச் சைஸில் ஒரு டிஸ்ப்ளே. சக்கரத்தின் சுற்றளவை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் போதும். (சுற்றளவைப் புத்தகத்தில் பார்த்துப் போடுவதை விட, டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, ஆள் உட்கார்ந்த நிலையில் ஒரு சுற்று உருட்டி, தரையில் டேப் வைத்து அளப்பது நல்லது. காற்று குறைந்தால் சுற்றளவும் குறையும்.) 1986ல் ஜெர்மனியில் உல்ரிச் ஷோபரர் என்கிற இன்ஜினியர் பெடல் மிதிக்கும் விசையையே வாட் கணக்கில் அளக்கும் எஸ்ஆர்எம் மீட்டரைக் கொண்டுவந்தார். மேட்டில் ஏறும்போது வேகம் பாதியாகக் குறைந்தாலும் உழைப்பு குறையவில்லை என்று அது காட்டிக்கொடுத்தது. ஒரு சைக்கிள்காரருக்கு இதை விட ஆறுதலான எண் வேறு கிடையாது.

ஜிபிஎஸ் கதையும் சுவாரஸ்யம்தான். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை இடம் தப்பும். அந்தத் திரையை விலக்கிய பிறகுதான் சாதாரண ஆள் எந்தத் தெருவில் நிற்கிறார் என்று மிஷினுக்குத் தெரிய ஆரம்பித்தது. இன்றைக்குத் திறந்தவெளியில் ஒரு ஸ்மார்ட்போன் சுமார் ஐந்து மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்கிறது. நொடிக்கு ஒரு புள்ளி என்று வைத்தால், ஒரு மணி நேரம் ஓட்டினால் 3600 புள்ளி. எங்கே நின்றார், எங்கே மூச்சு வாங்கினார், எந்த டீக்கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தார், எல்லாம் அதில் இருக்கும்.

இதுவரைக்கும் எல்லாம் சுபம். அளந்தவருக்கே அளவு. ஒருத்தர் டயரி எழுதுகிற மாதிரி.

பிறகு 2009ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஸ்ட்ராவா வந்தது. டயரியை எழுது, எழுதினதைத் தெருவில் ஒட்டு என்றது. ஒட்டினால் ஊர் கைதட்டும். பல வருடங்களாக அதில் புதுக் கணக்கு தொடங்கினால் ஆரம்ப செட்டிங்கே 'எல்லோரும் பார்க்கலாம்' என்பதுதான். வேண்டாம் என்கிறவர்தான் மெனுவுக்குள் புகுந்து தேடி மூடவேண்டும். வாசல் கதவைத் திறந்தே வைத்து வீட்டை விற்றுவிட்டு, "தாழ்ப்பாள் பரண் மேல இருக்கு, வேணும்னா எடுத்து மாட்டிக்கோங்க" என்று சொல்வது மாதிரி. இன்றைக்கு அதில் கணக்கு வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்கப் பத்துக் கோடிக்கும் மேல். அதில் எத்தனை பேர் பரண் ஏறியிருப்பார்கள்?

அந்த ஆப்பின் உயிர்நாடி 'செக்மென்ட்'. யாரோ ஒருவர் ஒரு ரோட்டில் இந்தப் புளியமரத்திலிருந்து அந்தப் பாலம் வரை என்று ஒரு துண்டைக் குறித்துவிட்டால், அந்த வழியாகப் போகிற ஒவ்வொருவரும் அவருக்குத் தெரியாமலே ரேஸில் சேர்ந்துவிடுகிறார். வேகமாகப் போனவருக்குக் கிரீடம். யாராவது அதை முறியடித்தால் உடனே ஒரு அறிவிப்பு வரும், உங்கள் கிரீடம் பறிபோனது என்று. ரேஸுக்கு ரோட்டை மூடுவார்கள், ஆம்புலன்ஸ் நிற்கும், கொடி காட்டுவார்கள். இங்கே எதிரே லாரி வரும்.

2010 ஜூனில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி மலைப்பாதையில் 41 வயதுக்காரர் ஒருவர் இறந்துபோனார். இறக்கமான ஒரு செக்மென்ட்டில் அவர் வைத்திருந்த முதலிடம் போயிருந்தது. அதைத் திரும்பப் பிடிக்க வேக வரம்பைத் தாண்டி இறங்கினார் என்றும், குறுக்கே காரைப் பார்த்து பிரேக் பிடித்தபோது தூக்கி எறியப்பட்டார் என்றும் குடும்பத்தினர் 2012ல் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2013ல் வழக்கு தள்ளுபடி ஆனது. சைக்கிள் ஓட்டுவதில் ஆபத்து உண்டு என்று தெரிந்தேதான் ஓட்டினார் என்பது நியாயம். சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கிரீடம் எதை வைத்துத் தரப்படுகிறது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். போன் காட்டும் இடத்தில் ஐந்து மீட்டர் பிழை சகஜம். செக்மென்ட் தொடங்கும் இடத்தில் ஐந்து மீட்டர், முடியும் இடத்தில் ஐந்து மீட்டர் தப்பினால் மொத்தம் பத்து மீட்டர். கிட்டத்தட்ட ஒரு முழு நொடி. அதுவும் மரமில்லாத, கட்டடமில்லாத இடத்தில். மலைப்பாதையில், மர நிழலில் இன்னும் மோசம். ஆக, முப்பது நொடி செக்மென்ட்டில் ஒருவரை இன்னொருவர் ஒரு நொடியில் 'முந்தினார்' என்றால் அது சாட்டிலைட்டின் கைநடுக்கமாகக் கூட இருக்கலாம். பிளஸ் டூ பிசிக்ஸ் லேபில் இந்த மாதிரி ரீடிங் எடுத்தால் பிழை எவ்வளவு என்று எழுதச் சொல்வார்கள், எழுதாவிட்டால் மார்க் கிடையாது. கிரீடம் கொடுக்கிற இடத்தில் அந்தக் கட்டம் இல்லவே இல்லை. பிழை என்னவென்றே சொல்லாத ஒரு எண்ணுக்காகத்தான் மனிதர்கள் வளைவில் பிரேக்கை விடுகிறார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. 2020 மே மாதத்தில் முழு ரேங்க் பட்டியலைப் பார்க்கும் வசதி காசு கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்று ஆனது. இலவசக் கணக்குக்காரர்களுக்கு முதல் பத்து பேர் மட்டும்தான் தெரிவார்கள். அந்தப் பட்டியலை உண்டாக்கியது யார்? அதே இலவசக் கணக்குக்காரர்களும் சேர்ந்துதான். அவர்கள் வியர்வையில் முளைத்ததை அவர்களுக்கே விற்கிறார்கள். கேட்டால் சர்வர் செலவு என்பார்கள். செலவு உண்மைதான், இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முதலில் ஓசியில் வாங்கிப் போட்டுக்கொண்டது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் இல்லையா?

இப்போது 'மடியில கனம் இல்லைன்னா வழியில பயம் எதுக்கு' கோஷ்டி வரும். கெய்ன்ஸ்வில் ஆசாமியின் மடியிலும் கனம் இல்லை. பாக்கெட்டில் போன் இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு ஆள் விஷயம் கூட இல்லை இது. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா ஒரு ஹீட்மேப் வெளியிட்டது. 100 கோடி பயணங்கள், 3 லட்சம் கோடி புள்ளிகள். பேரெல்லாம் எடுத்துவிட்டோம், வெறும் வெளிச்சக் கோடுகள்தான் என்றார்கள். பார்க்க நட்சத்திர மண்டலம் மாதிரி அழகாகத்தான் இருந்தது. 2018 ஜனவரியில் ஒரு ஆஸ்திரேலியக் கல்லூரி மாணவர் அதை உட்கார்ந்து நோண்டினார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் முழுக்க வெளிச்சம், அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஆப்கானிஸ்தான், சிரியா பாலைவனங்களின் கும்மிருட்டில் அங்கங்கே சின்னச் சின்னச் செவ்வகங்கள் மின்னின. ராணுவ முகாம்கள்! சிப்பாய்கள் காலையில் முகாமைச் சுற்றி ஓடியதன் தடம். அமெரிக்க ராணுவம் பதறிப்போய் விதிகளை மாற்றியது. அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா என்றால், 2024 அக்டோபரில் பிரான்ஸின் ல மோந்த் பத்திரிகை மக்ரோன், பைடன், டிரம்ப் ஆகியோரின் பாதுகாவலர்கள் போட்ட ஓட்டப் பதிவுகளை வைத்தே அவர்கள் தங்கும் இடங்களைக் கண்டுபிடிக்க முடிகிறது என்று எழுதியது. நாட்டு ரகசியத்தைக் காக்கப் பயிற்சி எடுத்தவர்களாலேயே அந்த செட்டிங்ஸை ஒழுங்காக வைக்க முடியவில்லை. இந்த லட்சணத்தில் காலேஜுக்கு சைக்கிளில் போகிற பெண் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள்.

"வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு மறைக்கலாமே" என்பது அடுத்த பதில். அது நிஜமாகவே நல்ல வசதி மாதிரி இருக்கும். வீட்டை நடுவில் வைத்து, சில நூறு மீட்டர் ஆரத்தில் வட்டம். அந்த வட்டத்துக்குள் போகும் கோடு மேப்பில் தெரியாது. ஆனால் வட்டத்தின் விளிம்பில் கோடு பொசுக்கென்று அறுந்து நிற்கும். ஒரு நாள் கிழக்குத் தெரு வழியாகக் கிளம்பினால் கிழக்கில் ஒரு அறுந்த முனை. இன்னொரு நாள் தெற்கில் ஒன்று. மூன்றாம் நாள் மேற்கில் ஒன்று. ஒரே வட்டத்தின் மேல் மூன்று புள்ளி கிடைத்தாயிற்று. ஒன்பதாம் வகுப்பு ஜியோமெட்ரி பாக்ஸை எடுக்கவேண்டியதுதான். முதல் இரண்டு புள்ளிகளை இணைத்து மையக்குத்துக்கோடு, அடுத்த இரண்டுக்கு இன்னொரு மையக்குத்துக்கோடு. இரண்டும் வெட்டுகிற இடம் வட்டத்தின் மையம், அதாவது வீடு. 2018ல் இலினாய் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். அப்படி மறைத்து வைத்திருந்தவர்களில் பெரும்பாலானவர்களின் மையப்புள்ளியைக் கண்டுபிடிக்க முடிந்தது. இப்போது மேப்பையே முழுசாக மறைக்கும் வசதி வரைக்கும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் நடுவில் அத்தனை வருடமும் வட்டம் போட்டவர்கள் 'பாதுகாப்பாக இருக்கிறோம்' என்று நம்பிக்கொண்டிருந்தார்களே, அதை எந்த அப்டேட் திருப்பித் தரும்? விலையுயர்ந்த சைக்கிள் எந்த வீட்டில் இருக்கிறது என்று திருடர்களுக்கு அட்ரஸ் கொடுக்காதீர்கள் என்று பிரிட்டன் போலீஸ் சைக்கிள்காரர்களை எச்சரித்ததும் இந்த லட்சணத்தால்தான்.

சரி, தனி ஆள் பிரச்சினை போகட்டும். ஊருக்கு நல்லது நடக்கிறதே என்று ஒரு வாதம் இருக்கிறது. எல்லாவற்றிலும் இதுதான் கேட்பதற்குக் கொஞ்சம் கௌரவமான வாதம், அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது.

எந்த ரோட்டில் எத்தனை சைக்கிள் போகிறது என்பது எந்த ஊர் முனிசிபாலிட்டிக்கும் சரியாகத் தெரியாது. ஆப்காரர்களிடம் இருக்கிறது. 2014ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் போக்குவரத்துத் துறை ஒரு வருட டேட்டாவுக்காக ஸ்ட்ராவாவுக்கு 20,000 டாலர் கொடுத்தது. 2020லிருந்து நகரங்களுக்கு இந்த டேட்டா இலவசம். எங்கே கோடு தடிமனாக இருக்கிறதோ அங்கே சைக்கிள் பாதை போடலாம். அறிவியல்பூர்வமாகத் தெரிகிறது, இல்லையா?

அந்தத் தடிமனான கோட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால்தான் சிக்கல். ஸ்மார்ட்போன் வேண்டும், டேட்டா பேக் வேண்டும், முக்கியமாக, சைக்கிள் ஓட்டுவதைப் பதிவு செய்யவேண்டிய ஒரு சாதனையாக நினைக்கவேண்டும். இந்தியாவின் 2011 சென்சஸ் வேலைக்குப் போகிறவர்கள் எதில் போகிறார்கள் என்று கேட்டது. விவசாயம், வீட்டுத்தொழில் தவிர்த்த தொழிலாளர்களில் சுமார் 13 சதவீதம் பேர், அதாவது கிட்டத்தட்ட 2.6 கோடிப் பேர், சைக்கிளில் போவதாகச் சொன்னார்கள். கட்டட வேலைக்கு டிபன் பாக்ஸைக் காரியரில் கட்டிக்கொண்டு போகிறவர், விடிகாலையில் பால் கேனை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுப் போகிறவர், கேனில் டீ விற்கிறவர். இவர்களில் யாராவது வேலை முடிந்து "இன்னிக்கு 14.3 கிலோமீட்டர், ஆவரேஜ் 11" என்று அப்லோடு பண்ணுவார்களா? அவர்களுக்கு அது சவாரி இல்லை, வேலைக்குப் போகிற வழி. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் படிக்கும் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு வருடா வருடம் அரசு இலவச சைக்கிள் கொடுக்கிறது. அந்த சைக்கிள்கள் எந்த ரோட்டில் போகின்றன, எந்தத் திருப்பத்தில் லாரிக்குப் பயந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகின்றன என்பது எந்த ஹீட்மேப்பிலும் வராது. அதே ஹீட்மேப்பில் சென்னையிலிருந்து கிளம்பும் ஈசிஆர் ரோடு பளபளவென்று ஜொலிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஹெல்மெட், லைக்ரா சகிதம் மகாபலிபுரம் போய்ப் பொங்கல் வடை சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள் அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் ஓட்டுவதில் ஒரு தப்பும் இல்லை. வடை சாப்பிடுவதிலும் இல்லை. ஆனால் அந்த மேப்பை வைத்து ஒரு அதிகாரி சைக்கிள் பாதை போட்டால், ஏற்கெனவே இருப்பவருக்கே மேலும் கொடுத்த மாதிரி ஆகும். இருட்டாக இருக்கும் தெருவில் சைக்கிளே இல்லை என்று ஃபைலில் எழுதிவிடுவார்கள். இல்லாதது சைக்கிள் இல்லை, ஆப்.

இதற்கு மாற்று இல்லையா என்றால், ஸ்ட்ராவா தொடங்கிய அதே 2009ல், அதே சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்தது. அந்த ஊர்ப் போக்குவரத்து ஆணையம் சைக்கிள்டிராக்ஸ் என்று ஒரு இலவச ஆப் வெளியிட்டது. கிரீடம் கிடையாது, ரேங்க் கிடையாது, கைதட்டல் கிடையாது. ஓட்டி முடித்ததும் வேலைக்குப் போனீர்களா, கடைக்கா, சும்மாவா என்று ஒரு கேள்வி கேட்கும். எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், ரோடு திட்டமிட. சில நூறு பேரின் பயணங்களை வைத்தே அவர்கள் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். சைக்கிள்காரர்கள் செங்குத்தான மேட்டைத் தவிர்க்கிறார்கள், அதிலும் பெண்களும் வேலைக்குப் போகிறவர்களும் கூடுதலாகத் தவிர்க்கிறார்கள், கொஞ்சம் சுற்றானாலும் சமமான, சைக்கிள் பாதை உள்ள வழியில் போகிறார்கள். இதே கேள்வியைக் கிரீட ஆப்பிடம் கேட்டால் என்ன பதில் வரும்? மேடுதான் அங்கே திருவிழா! மலை ஏறுகிறவருக்குத்தான் பட்டமே. கோடிக்கணக்கில் புள்ளி இருந்தும் கேள்வி தப்பாக இருந்தால் பதிலும் தப்புதான். சில நூறு பேரிடம் ஒழுங்காகக் கேட்டது போதுமானதாக இருந்தது. அந்த ஆப்பின் நிரலையும் வெளியில் கொடுத்தார்கள், அட்லாண்டா மாதிரி வேறு ஊர்கள் அதை எடுத்துத் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டன.

ஸ்ட்ராவாவுக்காக வாதாடுகிறவர்களின் எல்லா வாதத்தையும் தள்ளிவிட முடியாது. சோம்பேறிகளைப் படுக்கையை விட்டு எழுப்புகிறது என்பது நிஜம். நாலு நண்பர்கள் கைதட்டினால் ஐந்தாவது நாளும் சைக்கிளை எடுக்கத் தோன்றும். ராத்திரி தனியாக ஓட்டுகிற பெண் எங்கே இருக்கிறாள் என்று அம்மாவுக்கு மட்டும் லைவாகக் காட்டுகிற வசதியும் நல்ல விஷயம். ஆனால் இந்த இரண்டுக்கும் வேண்டியது நாலு நண்பர்களும் ஒரு அம்மாவும்தான். பத்துக் கோடி பேர் எதற்கு? நாலு பேருக்குச் சொல்லவேண்டியதை ஊருக்கே சொல்லவைத்து, அதில் காசு பார்ப்பதைத்தான் 'கம்யூனிட்டி' என்று அழகாகப் பெயர் வைத்து அழைக்கிறார்கள்.

கூகுளுக்கே இது உறைத்துவிட்டது என்பதுதான் ஆச்சரியம். இடக்குறிப்பு வரலாற்றை இனி சர்வரில் வைக்காமல் அவரவர் போனுக்குள்ளேயே வைக்கப்போவதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. கையில் இல்லாததை எந்த வாரண்டுக்கும் கொடுக்க முடியாது பாருங்கள். மக்கள் மேல் வந்த திடீர்ப் பாசம் என்று யாரும் நினைக்கவேண்டாம், வாரண்டுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கும். ஆனாலும் விஷயம் நடக்கக்கூடியது என்று நிரூபணம் ஆகிவிட்டது. உலகத்தில் மிகப் பெரிய சர்வர் வைத்திருப்பவரே பதிவைப் போனில் வைக்கலாம் என்கிறபோது, ஒரு சைக்கிள் ஆப்புக்கு மட்டும் ஏன் முடியாது?

முடியும். இன்றைக்கே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஓப்பன்டிராக்ஸ் என்று ஒரு இலவச ஆப். இன்டர்நெட் அனுமதியே கேட்பதில்லை, அதனால் வெளியே அனுப்ப நினைத்தாலும் முடியாது. ஜிபிஎஸ், நாடித்துடிப்பு சென்சார், பெடல் சென்சார் எல்லாவற்றையும் படித்து ஒரு ஃபைலாகப் போனில் வைக்கும். வாட் கணக்கு, கிராஃப் எல்லாம் வேண்டும் என்கிற வெறியர்களுக்குக் கம்ப்யூட்டரில் கோல்டன் சீட்டா இருக்கிறது, அதுவும் இலவசம். அழகில் கொஞ்சம் மொக்கைதான், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். கிரீடம் தராது. யாரும் கைதட்ட மாட்டார்கள். ஓட்டினவருக்கு ஓட்டினது தெரியும்.

தன்னுடைய பதிவு தன்னிடம்தான் இருக்கிறது என்று நம்பியவர்களுக்கு 2020 ஜூலையில் ஒரு பரீட்சை வந்தது. சைக்கிள் கம்ப்யூட்டர், வாட்ச் எல்லாம் செய்கிற கார்மின் நிறுவனத்தின் சர்வர்களை ரான்சம்வேர் தாக்கியது. பல நாள் சேவை முடங்கியது. உலகம் முழுக்க ஆட்கள் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்து, சிங்க் ஆகவில்லை, ஓட்டினதே வீண் என்று புலம்பினார்கள். கால் வலித்தது, வியர்த்தது, ஆனால் ஸ்கிரீனில் வரவில்லை என்றால் ஓட்டவில்லை என்று அர்த்தமாம்! அப்போது சிலர் மேஜை டிராயரில் கிடந்த யூஎஸ்பி கேபிளைத் தேடி எடுத்து, மீட்டரைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தார்கள். அன்றைக்குக் காலையில் ஓட்டியது உட்பட எல்லா ஃபைலும் மீட்டருக்குள்ளேயே வரிசையாக இருந்தது. இழுத்து டெஸ்க்டாப்பில் போட்டுக்கொண்டார்கள்.